வேலை ஏன் நகரவில்லை? நெல்லைப் பக்கத்து முதலாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஐந்து பேர் முதல் ஐம்பது பேர் வரை வைத்துத் தொழில் நடத்துகிற கடைகள், பட்டறைகள், சின்ன ஆலைகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. ஜிஎஸ்டி பற்றிப் பேச வருகிறவர்கள் எழுந்து போகும்போது ஆள் பிரச்சினையில் வந்து நிற்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் நான் வழக்கமாகச் சொல்கிற பதில்களும் இங்கே. ஆயிரம் பேர் வேலை பார்க்கிற கம்பெனிக்கு இதில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன், ஆறு பேர் வேலைதான் நடக்கிறது. மீதி நாலு பேர் என்னதான் செய்கிறார்கள்?

காத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் உங்களுக்காகத்தான்.

ஒரு நாள் கல்லாவை விட்டு எழுந்து, ஒரு மூலையில் நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள். யாரையும் ஒன்றும் சொல்ல வேண்டாம். யார் கை சும்மா இருக்கிறதோ, அந்த நேரத்தையும் காரணத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோ, தரையில் சாக்பீசால் வட்டம் போட்டு அதற்குள் ஆட்களை மணிக்கணக்கில் நின்று பார்க்கச் சொல்வாராம். வேலை எங்கே வீணாகிறது என்பது நின்று பார்த்தால்தான் தெரியும் என்பது அவர் கட்சி. அவர் பிரித்த ஏழு வகை வீண்களில் காத்திருப்பும் ஒன்று. நம் ஊர்ப் பட்டறைகளில் அதுதான் ஆகப் பெரியது என்று நான் நினைக்கிறேன்.

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு டூவீலர் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக் வண்டியைப் பிரிக்கிறார், செயின் செட்டும் மாற்ற வேண்டும் என்று தெரிகிறது. வண்டிக்காரரிடம் கேட்க வேண்டும், கேட்க வேண்டியவர் முதலாளி. முதலாளி வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். அவர் பேசி முடித்துக் கூப்பிட்டால் வண்டிக்காரர் போனை எடுக்கவில்லை. அப்புறம் சரி என்று பதில் வந்தபோது ஸ்பேர் பார்ட்ஸ் கையில் இல்லை, ஜங்ஷன் வரை போய் வாங்க வேண்டும், அதற்குப் பணம் கல்லாவில். ஒரு மணி நேர வேலை மத்தியானம் வரை இழுக்கிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு மெக்கானிக் டீ குடித்துக்கொண்டு நிற்கிறார். வண்டியை எடுக்கும்போதே "ஆயிரம் ரூபாய் வரைக்கும் கேட்காமல் மாற்றலாமா?" என்று கேட்டு ஜாப் கார்டில் எழுதியிருந்தால் இந்தக் காத்திருப்பில் பாதி இல்லை.

எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்கிறார்கள். அவர்களாக ஒரு முடிவும் எடுப்பதில்லையே?

முன்பு ஒருத்தர் முடிவெடுத்தபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு பையன் தானாக ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்திருப்பான், நீங்கள் வாடிக்கையாளர் போனதும் பிடித்து ஏசியிருப்பீர்கள். அன்றோடு கடை முழுக்க "அண்ணாச்சியக் கேட்டுச் சொல்லுதேன்" என்றாகிவிட்டது. அவர்கள் புத்திசாலிகள், அவ்வளவுதான்.

இதற்கு மருந்து, எல்லையை எழுதிக் கொடுப்பது. ஹார்டுவேர் கடையென்றால் பெயிண்டுக்கு இத்தனை சதவீதம் வரை, பைப்புக்கு இத்தனை வரை கவுண்டரில் இருப்பவரே குறைக்கலாம். 500 ரூபாய்க்குள் அவசரச் சாமான் வாங்கச் சீனியர் ஆளிடம் தனிப் பணம். 2,000 ரூபாய்க்கு உட்பட்ட பொருளைத் திருப்பிக் கொண்டுவந்தால் பில் பார்த்து மாற்றிக் கொடுக்கலாம். எல்லைக்குள் எடுத்த முடிவு தப்பாகவே போனாலும் அன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாது. சிரமமான பகுதி இதுதான். முதல் மாதத்தில் கொஞ்சம் நஷ்டம் வரும். நீங்கள் கல்யாண வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் திரும்பிப் போன வியாபாரத்தோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை.

ஆளை நம்ப முடியாது என்பார்கள். 2008 வாக்கில் மும்பைக்குப் பக்கத்திலிருந்த துணி ஆலைகளில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கலஸ் புளூமும் அவர் கூட்டாளிகளும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். குடும்பத் தொழில்கள் அவை. ஓர் ஆலைக்குழு எவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது என்பதை எது தீர்மானிக்கிறது என்று பார்த்தபோது, அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்பிள்ளைகள் என்பதே முன்னால் வந்து நின்றது. அண்ணன் தம்பி இருந்தால் இன்னொரு ஆலை, இல்லையென்றால் இருப்பதோடு சரி. வெளியாளை நம்பிச் சாவி கொடுக்கத் துணிவில்லை. ஆய்வுக்காகச் சில ஆலைகளில் சாதாரண ஒழுங்குகளைக் கொண்டுவந்தார்கள்: நூல் கிடங்கை வகைப்படுத்தி எழுதி வைப்பது, தறி நின்றால் காரணத்தைக் குறிப்பது, துணியில் குறை வந்தால் அன்றன்றே பேசுவது, தரையைச் சுத்தமாக வைப்பது. முதல் வருஷத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது. கணக்கு ஒழுங்காக வரத் தொடங்கியதும் முதலாளிகள் மேலாளர்களிடம் கூடுதல் முடிவுகளை விடவும் ஆரம்பித்தார்கள். எண்கள் கண்ணுக்குத் தெரிந்த பிறகு நம்பிக்கை தானாக வந்திருக்கிறது. அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சரி, எந்த எண்களைப் பார்ப்பது?

ஒரு தொழிலுக்கு இரண்டு போதும். ஒன்று அளவைச் சொல்ல வேண்டும், மற்றது தரத்தைச் சொல்ல வேண்டும். பலகாரம் போடுகிறவர் என்றால் நாளைக்கு எத்தனை கிலோ, கடைகளிலிருந்து எத்தனை பாக்கெட் திரும்பி வந்தது. அச்சகம் என்றால் சொன்ன தேதியில் போன வேலை எத்தனை, பிழையால் திரும்ப அடித்தது எத்தனை. டூவீலர் பட்டறை என்றால் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தருகிறேன் என்ற வண்டிகளில் எத்தனை ஐந்து மணிக்குப் போயின, அதே குறையோடு ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்தவை எத்தனை.

சுவரில் கரும்பலகை மாட்டி, வேலையாட்களில் ஒருவரே தினமும் எழுதட்டும். ஆள் பெயர் வேண்டாம், கடைக்கு மொத்தமாகப் போடுங்கள். பெயர் போட்ட அன்று முதல் எண்கள் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

சம்பளத்தை ஏற்றினால் வேலை கூடுமா?

வேலை கூடுமோ இல்லையோ, ஆள் நிற்பார்கள். ஹென்றி ஃபோர்டு 1914 ஜனவரியில் ஒரு நாள் வருமானத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 5 டாலர் என்றார், வேலை நேரத்தையும் ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார். தர்மசிந்தனை என்று நினைக்க வேண்டாம். அதற்கு முந்தைய வருஷம் சுமார் 14,000 பேர் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு 50,000 பேருக்கு மேல் ஆள் எடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் தாக்குப்பிடிக்காமல் ஓடிக்கொண்டே இருந்தார்கள். புது ஆளைப் பழக்குகிற செலவைவிடக் கூடுதல் சம்பளம் மலிவு என்று கணக்குப் போட்டார்.

உங்கள் கடையிலும் இதே கணக்கைப் போடலாம். ஒருவர் போனால் அடுத்தவர் கிடைக்க எத்தனை நாள், அவர் பழக எத்தனை நாள், அதற்குள் உடைந்தது, தவறியது, கோபித்துக்கொண்டு போன வாடிக்கையாளர் என்று கூட்டிப் பாருங்கள். மாதம் ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுப்பது பல இடங்களில் லாபமாகவே வரும்.

ஆனால் ஒருவருக்கு மட்டும் ரகசியமாகக் கூட்டுவது ஆபத்து. ரகசியம் டீக்கடை வரைக்கும்தான் நிற்கும். ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வில், ஒரே வேலைக்கு ஆளுக்கு ஆள் வேறு கூலி கொடுத்தபோது, குறைவாகப் பெற்றவர்களின் வேலை இறங்கியது, வருகையும் 18 சதவீதப் புள்ளி குறைந்தது. நாள்கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிற அளவுக்கு மனசு கசந்திருக்கிறது. யார் அதிகம் செய்கிறார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த இடங்களில் அந்தக் கசப்பு எழவில்லை. ஆகவே வித்தியாசம் வைத்தால் காரணத்தைச் சபையில் சொல்ல முடிய வேண்டும். "வெல்டிங்கும் தெரியும், லேத்தும் தெரியும், அதனால் கூடுதல்" என்பது நிற்கும். "நம்ம பய" என்பது நிற்காது.

எப்போது பார்த்தாலும் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுத்தால் வேலையில் கவனம் குறைகிறதே?

பெரும்பாலும் தலைகீழ். கடன்காரன் வாசலில் நிற்கும்போதுதான் கவனம் சிதறும். இதுவும் ஒடிசாவில் பார்த்ததுதான்: உணவகங்களுக்கு இலைத் தட்டு தைக்கிற தொழிலாளர்களில் சிலருக்கு, அவர்கள் சம்பாதித்த கூலியில் ஒரு பகுதியைக் கடைசி நாள் வரை வைத்திருக்காமல் முன்பே கொடுத்தார்கள். மொத்தக் கூலி ஒன்றுதான், தேதி மட்டும் வேறு. பணம் கைக்கு வந்த பிறகு அவர்கள் வேலை சுமார் 7 சதவீதம் கூடியது, கவனப் பிழையும் குறைந்தது.

அதனால் மாதச் சம்பளத்தை இரண்டாக உடைத்து, 1-ஆம் தேதி ஒரு பகுதி, 16-ஆம் தேதி ஒரு பகுதி என்று கொடுத்துப் பாருங்கள். அட்வான்ஸ் கேட்டு வருகிற கூட்டம் பாதியாகும். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன், தீபாவளி, குலதெய்வக் கொடை (கோயில் திருவிழா) என்று மூன்று நேரங்களுக்கு விதி வைத்து அட்வான்ஸ் கொடுக்கலாம்: ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் இல்லை, ஆறு தவணையில் பிடித்தம், கையெழுத்தோடு நோட்டில் வரவு. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் கெஞ்சவும் வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம்.

சிலர் பெரிய தொகையைக் கொடுத்து ஆளைக் கட்டிப் போடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். கடனைக் காட்டி ஒருவரை வேலையை விட்டுப் போக விடாமல் தடுப்பது கொத்தடிமைத்தனம், 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பீஸ் ரேட் போட்டுவிட்டால் தொல்லை தீருமா?

சில வேலைகளில் தீரும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் காலங்காலமாகக் கூலி. எண்ணலாம், தூக்கிப் பார்த்தால் நல்லது கெட்டது தெரியும். கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கும் அது ஒத்துவரும். அங்கேயும் ஒரு சங்கடம் உண்டு. வெயில் இல்லாவிட்டால் அப்பளம் காயாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீஸ் ரேட் ஆள் வருமானமே இல்லாமல் உட்கார்ந்திருப்பார், வேறு வேலை கிடைத்தால் போய்விடுவார், தை பிறந்ததும் நீங்கள் ஆள் தேடி அலைவீர்கள். மழை நாளுக்கென்று ஒரு அடிப்படைக் கூலியும் பாக்கெட் போடுகிற வேலையும் ஒதுக்கி வைக்கிறவர்களிடம் ஆள் நிற்கிறது.

பத்தமடைப் பாயை இதே முறையில் யோசித்துப் பாருங்கள். கோரையை ஓடுகிற தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிசாகக் கீறி, நூல் பாவில் நெருக்கி நெய்வது அது. எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு மதிப்பு, அவ்வளவு நாளும் ஆகும். பாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று மட்டும் கூலி வைத்தால், இரண்டே மாதத்தில் எல்லோரும் சாதாரணப் பாய்தான் நெய்வார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நீங்கள் எதை எண்ணினீர்களோ அதைக் கொடுக்கிறார்கள். மெல்லிசு ரகத்துக்கு ரகவாரியாகக் கூலி வைக்க வேண்டும், இல்லையென்றால் நாள்கூலியே மேல்.

சேவை வேலைகளுக்கு, அதாவது மருந்துக்கடை கவுண்டர், ஸ்கேன் சென்டர் ரிசப்ஷன், ஹோட்டல் பரிமாறுவது போன்றவற்றுக்கு, பீஸ் ரேட் நினைப்பே வேண்டாம்.

மத்தியானம் சாப்பிட்டதும் தூங்கி வழிகிறார்கள். என்ன செய்ய?

முதலில் கூரையைப் பாருங்கள். மே மாதம் பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, தகரக் கூரைக்குக் கீழே மூன்று மணிக்கு யாரும் நிமிர்ந்து வேலை பார்க்க முடியாது, நீங்களும் நானும் சேர்த்துத்தான். கூரைக்கு மேல் வெள்ளை பூசுவது, சூடான காற்று வெளியேற எக்ஸாஸ்ட் ஃபேன், மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்றுத் தட்டி. செலவு அதிகமில்லை. பழைய குழல் விளக்குகளை எல்இடி ஆக்கினாலும் உள்ளே சூடு குறையும். பெங்களூர் ஆயத்த ஆடை ஆலைகளில் அப்படி மாற்றியபோது வெயில் நாட்களில் உற்பத்தி விழுவது பெருமளவு நின்றதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தப் போட்ட விளக்கு அது.

அடுத்தது தூக்கம். சென்னையில் டேட்டா என்ட்ரி வேலைக்கு வந்தவர்களை வைத்து ஓர் ஆய்வு, 2021-இல் வெளியானது. இரவில் வீட்டில் சுமார் அரை மணி கூடுதலாகத் தூங்க உதவி செய்தார்கள், ஆனாலும் அவர்கள் வேலை கூடவில்லை. கொசுவும் புழுக்கமும் சத்தமுமாக இருக்கிற வீட்டில் தூக்கம் உடைந்துகொண்டே இருந்தது. ஆனால் பகலில் வேலை இடத்திலேயே அரை மணி தூங்கவிட்டபோது எழுந்த பிறகு வேலை நன்றாக நடந்தது, கவனமும் கூடியது. இதில் ஒரு கணக்கு உண்டு: தூங்குகிற அந்த அரை மணியும் வேலை பார்த்திருந்தால் மொத்தத்தில் இன்னும் கொஞ்சம் அதிகம் செய்திருப்பார்கள். எனவே வேலை நேரத்தில் தூங்க அனுமதியுங்கள் என்று நான் சொல்லவில்லை. எப்படியும் விடுகிற சாப்பாட்டு இடைவேளையில் பாய் விரித்துப் படுக்க ஒரு நிழலான இடம் கொடுங்கள் என்கிறேன். டவுனில் சாயங்காலம் மட்டும் திறந்து கொடிகட்டிப் பறக்கிற அல்வாக் கடையே உண்டு. நாள் முழுக்கக் கடை திறந்திருந்தால்தான் வியாபாரம் என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

பானையில் மோர் வைத்தால் இன்னும் நல்லது. சீசனில் பதனீர்.

ஜவுளிக்கடையில் பெண்கள் உட்காரலாமா? வாடிக்கையாளர் என்ன நினைப்பார்?

உட்கார வசதி செய்து கொடுப்பது கட்டாயம். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் இதற்காகவே ஒரு பிரிவு சேர்த்தார்கள். வாடிக்கையாளர் வந்தால் எழுந்துகொள்ளப் போகிறார்கள், இதில் நினைக்க என்ன இருக்கிறது?

கூடவே கழிப்பறையையும் பாருங்கள். சரியான கழிப்பறை இல்லாத கடைகளில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. நாலு மணிக்குத் தலைவலி, முகத்தில் சோர்வு, "ஆர்வமே இல்லை" என்று உங்களிடமிருந்து பெயர் வேறு.

தினமும் பத்து நிமிஷம் தாமதமாக வருகிறார்கள்.

எந்த ஊரிலிருந்து, எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று கேட்டீர்களா? 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சேரன்மகாதேவியிலிருந்தோ சுத்தமல்லியிலிருந்தோ வருகிற பெண்ணுக்கு அந்த ஒரு பஸ்தான் கட்டுப்படியாகும், அதை விட்டு மினி பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வந்தால் மாதம் ஒரு தொகை போய்விடும். அந்த பஸ் 9.10-க்கு வந்தால் உங்கள் வேலை நேரத்தை 9.15 என்று மாற்றிக்கொண்டு, சாயங்காலம் கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரச்சினை முடிந்தது. பஸ்ஸே இல்லாமல், பக்கத்துத் தெருவிலிருந்து தாமதமாக வருகிற ஆளிடம் வேறு விதமாகப் பேசலாம்.

கொடை சீசன் வந்தால் ஆளே வருவதில்லை. கண்டிப்பாக இருக்கலாமா?

முடியாது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாதே என்று சொல்லி நம் பக்கத்தில் எந்த முதலாளியும் ஜெயித்ததில்லை. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்ப் பல நாள் குடில் போட்டுத் தங்குவார்கள். குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு மாலை போட்டு வேஷம் கட்டுகிறவர் விரதத்தில் இருப்பார். ஆனித் தேரோட்டத்தன்று டவுனில் கடை நடத்துவதே வேறு கதை. இவை திடீரென்று வருகிறவையா? எல்லாம் காலண்டரில் இருக்கின்றன. திடீரென்று ஆவது, நீங்கள் கேட்காததால்தான்.

தை மாதமே ஒரு பெரிய காலண்டரை மாட்டி, அவரவர் ஊர்க் கொடை, குலதெய்வக் கோயில் நாள், வீட்டு விசேஷம் எல்லாவற்றையும் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். தேதி இன்னும் குறிக்காத கொடை என்றால் மாதத்தை மட்டும் எழுதட்டும். ஒரே ஊர்க்காரர்கள் நாலு பேர் உங்களிடம் வேலை பார்த்தால் அந்த மூன்று நாள் கடையே காலியாகும் என்பது அப்போதே தெரியும். அந்த வாரம் டெலிவரி ஒப்புக்கொள்ளாதீர்கள், மெஷின் சர்வீஸை அந்த நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஒரு வேலை ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கக் கூடாது. ஒரு அட்டையில் இடது பக்கம் ஆட்கள் பெயர், மேலே வேலைகள்: பில் போடுவது, ஸ்டாக் எடுப்பது, பேக்கிங், கட்டிங், பேங்க் வேலை. தனியாகச் செய்யத் தெரிந்தால் டிக், கொஞ்சம் தெரிந்தால் புள்ளி, தெரியாவிட்டால் காலி. எந்த வேலைக்கு நேராக ஒரே ஒரு டிக் இருக்கிறதோ அங்கேதான் உங்கள் கடை மாட்டிக்கொள்ளும். பல கடைகளில் அந்த ஒற்றை டிக் முதலாளி பெயருக்கு நேராக இருக்கும்.

பழைய ஆள். அப்பா காலத்திலிருந்து இருக்கிறார். இப்போது வேகமே இல்லை. எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வியை முதலாளிகள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நீங்கள் "மாமா" என்று கூப்பிட்டு வளர்ந்தவரிடம் வேகம் போதவில்லை என்று சொல்ல நாக்கு வராதுதான்.

வேகத்தை அவரிடம் எதிர்பார்ப்பதை விட்டுவிடுங்கள். முப்பது வருஷம் மரம் பார்த்தவருக்கு எந்தப் பலகை வெடிக்கும் என்று தொட்டாலே தெரியும், எந்த வாடிக்கையாளர் பாக்கி தர மாட்டார் என்றும் தெரியும். சரக்கு இறங்கும்போது பார்த்து எடுப்பது, வெளியே போகிற வேலையைக் கடைசியாகச் சோதிப்பது, புதுப் பையன்களைப் பழக்குவது, இந்த மூன்றும் அவருக்கானவை. எடை தூக்குவதும் ஏணி ஏறுவதும் இனி இல்லை. இதை எல்லோர் முன்னாலும் ஒரு பொறுப்பாகக் கொடுங்கள், தனியாகக் கூப்பிட்டு இரக்கமாகச் சொல்ல வேண்டாம்.

அவர் ஓய்வு பெறுகிற நாளில் கொடுக்க வேண்டியதை இன்றைக்கே கணக்குப் போடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் ஐந்து வருஷம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு: மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷங்களால் பெருக்குவது. 13,000 ரூபாய் சம்பளத்தில் 20 வருஷம் என்றால் 1,50,000 ரூபாய். மாதாமாதம் ஒதுக்கி வைத்தவருக்கு இது சுமையில்லை. வைக்காதவர்கள்தான் அவரை எப்படியாவது தானாகப் போக வைக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

மச்சினனை வேலைக்கு வைத்தேன். அவன் வேலை செய்வதில்லை.

மற்றவர்களும் செய்ய மாட்டார்கள். அவனுக்கு மாதம் ஒரு தொகையை வீட்டுச் செலவாகக் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொன்னாலும் உங்களுக்கு லாபம்.

புதுப் பையன்கள் மூன்று மாதத்தில் கோயம்புத்தூர், சென்னை என்று போய்விடுகிறார்கள்.

முதல் வாரம் அவர்களை எப்படி வைத்திருந்தீர்கள்? "பார்த்துப் பார்த்துக் கத்துக்கோல" என்று சொல்லி விட்டிருப்பீர்கள். அவனுக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாது. தப்பு செய்வான், திட்டு வாங்குவான், போய்விடுவான். நம் பக்கத்துப் பையன்கள் ஒரு காலத்தில் சென்னை மளிகைக் கடைகளுக்குப் போய்த் தொழில் கற்றபோது ஒரு படிவரிசை இருந்தது: கூட்டுவது, பொட்டலம் கட்டுவது, எடை போடுவது, சரக்கெடுப்பது, கடைசியில் கல்லா. அடுத்த படி எது என்று பையனுக்குத் தெரியும், அதற்காக நின்றான். இப்போது கடைகளில் படி இல்லை.

பழக்குவதற்கு எளிய முறை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களை வேகமாகப் பழக்க வேண்டியிருந்தபோது வகுத்தது, பிற்பாடு ஜப்பானுக்கும் போனது. முதலில் அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டுத் தயார் செய்வது. இரண்டாவது, செய்து காட்டிக்கொண்டே ஏன் அப்படிச் செய்கிறோம் என்று சொல்வது. மூன்றாவது, அவனைச் செய்ய வைத்து, செய்யும்போதே அவன் வாயால் விளக்கச் சொல்வது. நான்காவது, தனியாக விட்டு, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று சொல்லி, அடிக்கடி எட்டிப் பார்ப்பது. மூன்றாவதை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். அவன் வாயால் சொல்லும்போதுதான் புரிந்ததா இல்லையா என்பது வெளியே வரும்.

ஆறு மாதத்தில் இந்த வேலை தெரிந்தால் இவ்வளவு, ஒரு வருஷத்தில் இதுவும் தெரிந்தால் இவ்வளவு என்று சேரும் அன்றே எழுதிக் கொடுங்கள். அப்படியும் சிலர் போவார்கள். போகட்டும்.

எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டால்தானே பயம் இருக்கும்?

பயம் இருக்கும், உண்மைதான். உடைந்ததை ஒளித்து வைக்கிற பயம். ரசாயனம் தீர்ந்துபோனதை, மெஷினில் சத்தம் வருவதை உங்களிடம் சொல்லாமல் இருக்கிற பயம். குறை சொல்ல வேண்டியிருந்தால் தனியாக, அன்றே, அந்த ஒரு விஷயத்தை மட்டும். போன வருஷத்துக் கதையை இழுக்க வேண்டாம். வாடிக்கையாளர் முன்னால் "ஏல, அறிவில்லையா" என்றால், அந்த வாடிக்கையாளருக்கே அடுத்த தடவை உள்ளே வரக் கூச்சமாக இருக்கும்.

சிசிடிவி, விரல் ரேகை மெஷின், வாட்ஸ்அப் குழு: எது பலன் தரும்?

விரல் ரேகை மெஷின் எப்போது வந்தார், எப்போது போனார் என்று சொல்லும். நடுவில் நடந்ததைச் சொல்லாது. கேமரா திருட்டுக்கு நல்லது. வீட்டில் உட்கார்ந்து செல்போனில் கடையைப் பார்த்துக்கொண்டே "அங்க என்னடே நிக்க?" என்று போன் போடுகிற முதலாளிகளை எனக்குத் தெரியும், அவர்கள் ஆட்கள் கேமராவுக்குத் தெரிகிற இடத்தில் சுறுசுறுப்பாக இருப்பார்கள்.

கவனிக்கப்படுவதால் வேலை கூடும் என்பதற்கு அமெரிக்காவின் ஹாதார்ன் தொழிற்சாலையை உதாரணம் காட்டுவார்கள். 1924 முதல் 1932 வரை சிகாகோவுக்குப் பக்கத்தில் நடந்த சோதனைகள் அவை. விளக்கைக் கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது என்பது பிரபலமான கதை. பிற்காலத்தில் அந்தக் கணக்குகளைத் திரும்ப ஆராய்ந்தவர்கள் அவ்வளவு தெளிவான பலன் இல்லை என்றார்கள். அதை நம்பிக் கேமரா வாங்க வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினோரு மணிக்கு ஆர்டர் போடுகிற பழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள்.

தீபாவளி நேரத்தில் கூடுதல் நேரம், போனஸ், இஎஸ்ஐ: சுருக்கமாகச் சொல்லுங்கள்.

வாரம் 48 மணி நேரம்தான் சாதாரண வேலை. அதற்கு மேல் பார்த்த நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. அதைக் கொடுத்தாலும் தொடர்ந்து இரண்டு வாரம் இரவு பத்து மணி வரை நிறுத்தி வைத்தால் மூன்றாவது வாரம் பில் பிழையும் அளவுப் பிழையும் கூடுவதைக் கணக்கில் நானே பார்க்கிறேன். இரண்டு மாதத்துக்குத் தற்காலிக ஆட்கள் நல்லது, முன்பு வேலை பார்த்துக் கல்யாணமாகி நின்றுபோன பெண்களைக் கேட்டால் வருவார்கள், பழக்க வேண்டியதும் இல்லை.

இருபது பேர் இருந்தால் போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. பத்துப் பேர் இருந்தால் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு நீங்கள் 3.25 சதவீதம், அவர் 0.75 சதவீதம் கட்ட வேண்டும். வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் வேலையாள் ஒரு மாதம் காணாமல் போவதற்குப் பாதிக் காரணம் பணம் புரட்டுவது. இஎஸ்ஐ அந்த அலைச்சலைக் குறைக்கிறது. ஒன்பது பேரோடு நிறுத்திக்கொண்டு மீதிப் பேரைக் கணக்கில் காட்டாமல் வைக்கிற யோசனையோடு என்னிடம் வராதீர்கள்.

இதற்கெல்லாம் வெளியிலிருந்து கன்சல்டன்ட் கூப்பிட வேண்டுமா?

பதினைந்து பேருக்குள் என்றால் வேண்டாம், நோட்டும் பேனாவும் கரும்பலகையும் போதும். கங்கைகொண்டான் சிப்காட்டிலோ பேட்டையிலோ உற்பத்தி யூனிட் வைத்து, மெஷின்கள் நடுவே சரக்கு தேங்கி நிற்கிறது என்றால் கூப்பிடலாம். சிறு தொழில்களுக்கென்று மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கிய லீன் திட்டத்தில், உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள உற்பத்தி நிறுவனங்களுக்கு ஆலோசகர் வந்து வேலை ஒழுங்கைச் சீர்செய்கிற செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. விவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஆலோசகர் வந்தால் முதல் நாள் உங்கள் மேஜைக்கு எதிரே உட்கார வைத்துக் காப்பி கொடுத்துப் பேசிக்கொண்டிருக்காமல், நேராகப் பட்டறைக்குள் அனுப்புங்கள். பேச வேண்டியவர்கள் உள்ளே நிற்கிறார்கள்.